சால்வை லெய்சா சொன்ன சாட்சி

வெல்ஷ் பள்ளத்தாக்கிலிருந்த எங்கள் ஊரான லானெரினில் ஜோன்ஸ் என்று முப்பத்தொரு பேர் இருந்தோம். குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அதனால் தொழிலோ, வீடோ, உடம்பிலுள்ள கோணலோ ஏதாவது ஒன்று பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தபால் ஜோன்ஸ், மேட்டு வீட்டு ஜோன்ஸ், தும்மல் ஜோன்ஸ். லெய்சா ஜோன்ஸ் பத்து வயதில் கம்பளி மில்லில் தார் சுற்ற, அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்ற, வந்தவள். இருபது வயதிலிருந்து சால்வைத் தறியில் நின்றவள். எனவே சால்வை லெய்சா. எங்கள் பள்ளத்தாக்கில் தாய்மார்கள் கைக்குழந்தையைச் சால்வையால் மார்போடு சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். அந்தச் சால்வைகளில் பாதி அவள் நெய்தவை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "கட்டிக்கிறியான்னு கேட்டவன் சத்தமாக் கேக்கல. அவன் மேல தப்பு" என்பாள்.

காது போனதை அவள் அப்படித்தான் சொல்வாள். எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்தது. அவளுக்கு முக்கால்வாசி.

மில்லைப் பார்க்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊருக்கு மேலே இடிந்து கிடக்கும் மடாலயத்தின் கற்களைப் பிடுங்கித்தான் மில்லைக் கட்டியிருந்தார்கள். மடாலயத்தை வரைய லண்டனிலிருந்து ஆட்கள் முக்காலியோடு வருவார்கள். மில்லை ஒருவரும் வரைந்ததில்லை. ஆற்று நீர் பெரிய சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்திலிருந்து தோல்வார்கள் வழியாகக் கீழ்த்தளத்தில் கம்பளியைச் சீவும் உருளைகளுக்கும் பன்னிரண்டு தறிகளுக்கும் ஓட்டம் போகும். குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒவ்வொரு முறையும் போய் மோதும் ஓசையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அதற்குள்ளே வாயைத் திறந்து பேசுகிறவன் முட்டாள், அல்லது புதியவன். நாங்கள் உதட்டால் பேசினோம். குரலே இல்லாமல், வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் செதுக்கிக் காட்டுவோம். நாற்பதடி தூரத்தில், இடையில் ஆறு தறி ஓடிக்கொண்டிருக்க, யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார் மேல் கண் என்பதெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் போய்ச் சேரும்.

இதில் லெய்சாவை மிஞ்ச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தின் மாடியில் உட்கார்ந்தபடி, கீழே மூப்பர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட இருக்கையில் குசுகுசுப்பதை அப்படியே வாசித்து எங்களுக்கு அனுப்புவாள். பிரசங்கியார் நரகத்தை வர்ணித்துக்கொண்டிருப்பார். ஒரு மூப்பர் இன்னொருவரிடம் தன் பன்றிக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டிருப்பார். மாடி முழுக்கத் தோள்கள் குலுங்கும். விஷயம் தெரிந்ததும் மூப்பர்கள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். "கடவுளுக்குப் பயப்படாதவங்க, எனக்குப் பயப்படறாங்க பாரு" என்றாள் லெய்சா.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பதற்றமோ துக்கமோ வந்தால் மில்காரர்களுக்குக் குரல் தானாக நின்றுவிடும். உதடு மட்டும் பேசும். பேசுகிறவருக்கே அது தெரியாது. லெய்சா தன் தம்பி எனோக் குடும்பத்தோடு மில் கொடுத்த வீட்டில் இருந்தாள். தம்பி மனைவி கெய்ன்வென் மலைப்பக்கத்துப் பண்ணையில் பிறந்தவள்; உதடு வாசிக்கத் தெரியாது. லெய்சா அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். கெய்ன்வென் திரும்பிப் பார்த்து, "மதினி, குரலு! குரலப் போடு! மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடினா எனக்கென்ன தெரியும்?" என்பாள். பிள்ளைகள் மூன்றும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிச் சிரிக்கும். லெய்சாவும் சிரிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று, மார்ச் மாதம். நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களுக்குச் சட்டைத்துணி அனுப்ப வேண்டிய வாரம். எனோக்குக்குச் சீவும் உருளையில் வேலை. ஆள் உயர உருளைகள். உடம்பெல்லாம் ஊசி முனையாகக் கம்பிப் பற்கள். பற்களில் அழுக்குக் கம்பளி அடைத்துக்கொண்டால் நூல் கெட்டுப்போகும். தோல்வாரைத் தள்ளி ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் பற்களைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

லெய்சாவின் தறிக்கு நேர் எதிரே சீவும் அறையின் கதவு. அது எப்போதும் திறந்தே இருக்கும். அன்று காலை பதினொரு மணிக்கு எனோக் ஓட்டத்தை நிறுத்தத் தோல்வாரைத் தள்ளும் கம்பைப் பிடித்தான். முதலாளி ஜோசுவா பவல் அறைக்குள் வந்தார். பவலும் இந்த மில்லில் பிறந்து வளர்ந்தவர்தான். உதட்டுப் பேச்சு அவருக்கும் தாய்மொழி. அவர் எனோக்கிடம் உதட்டால் சொன்னதை லெய்சா பார்த்தாள்.

"நிறுத்தாத. ஓட்டத்துலயே எடு."

எனோக் ஊசிப் பற்களைக் கைகாட்டினான்.

"எத்தன வருஷமாப் பாக்கற வேல? பயமா இருந்தா சொல்லு, வேற ஆளப் போடறேன்."

எனோக் கம்பை விட்டான். பவல் அறையை விட்டு வெளியேறினார். கால் மணி நேரத்தில் எனோக்கின் சட்டைக்கையைப் பற்கள் பிடித்தன. பிறகு கையை. பிறகு தோளை. பக்கத்துத் தறியிலிருந்த நான் லெய்சா ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடினேன். அவன் கத்தியிருப்பான், எங்களுக்கு எப்படிக் கேட்கும்? மருத்துவர் வருவதற்குள் அவன் போய்விட்டான். வயது முப்பத்தாறு.

எங்கள் ஊரில் யார் செத்தாலும் மூன்று நாள் மில் பேசாது. அதாவது ஓடும், ஆனால் தறிகளுக்கிடையே அரட்டை இருக்காது. அந்த முறை மூன்று நாளும் ஒரே பேச்சு. லெய்சா பார்த்ததை அவள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

எனோக்கின் மரண விசாரணைக்கு முந்தின நாள் மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கெய்ன்வெனின் அடுப்பில் கறியும் லீக் தாளும் போட்ட கவ்ல் குழம்பு கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மில்லின் மேஸ்திரி சைலஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"லெய்சா, நாளைக்கி அளந்து பேசு. பாத்தேன்னு சொல்லு. பாவம்னு சொல்லு. அதுக்கு மேல எதுக்கு?"

"அதுக்கு மேலதான் எல்லாம் இருக்கு சைலஸ்."

"முதலாளி கெட்டவரு இல்ல. சவப்பெட்டிக்கு நல்ல ஓக் மரம் குடுத்தாரு."

"நல்ல மரம்தான். உசுரோட இருக்கறப்ப ஒரு மணி நேரம் குடுத்திருந்தா அந்த மரமும் மிச்சம்" என்றாள் லெய்சா.

சைலஸ் என்னைப் பார்த்தான். "நீயாவது சொல்லு கெத்தின்."

நான், "கவ்ல் அடிப்பிடிக்குது" என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

அவன் போனபின் கெய்ன்வென் கேட்டாள். "மதினி, நீ சொன்னா எழுதிக்குவாங்களா?"

"சத்தியம் பண்ணிட்டுச் சொல்றத எழுதித்தான ஆகணும்?"

அதுதான் விஷயம். விசாரணையில் எழுதப்படும் ஒரு வரியில்தான் எல்லாம் இருந்தது. முதலாளி சொல்லித்தான் எனோக் ஓடும் உருளையில் கையை விட்டான் என்றால் மில் பொறுப்பு. கெய்ன்வெனும் பிள்ளைகளும் பிழைக்க வழி பிறக்கும். வேண்டுமென்றே விதியை மீறித் தானாகக் கையை விட்டான் என்று எழுதினால் சட்டப்படி அவர்களுக்கு ஒன்றுமில்லை, வீடும் இல்லை. லெய்சாவுக்கு வீட்டைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. "அவன் புத்தி கெட்டுச் செத்தான்னு எழுதக் கூடாது. அவன் கம்பப் புடிச்சான். நான் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

விசாரணை ஜெபக்கூடத்தின் பின்னறையில் நடந்தது. ஊரில் வேறு பெரிய அறை இல்லை. ஜெபக்கூடத்தின் மூத்த மூப்பர் ஜோசுவா பவல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் வீட்டுக்கு வந்தவர் போல அவர் விசாரணை அதிகாரிக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். ஜூரிகள் பன்னிரண்டு பேர் பக்கச் சுவரோரம். விவசாயிகள், கடைக்காரர்கள், ஒரு கால்நடைத் தரகர். மில்லுக்குள் ஒரு நாள் நின்று வேலை பார்த்தவன் அதில் ஒருவனும் இல்லை. மில்காரர்களான நாங்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு எதிரே பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கெய்ன்வென் ஓரத்தில் தனியாக இருந்தாள்.

விசாரணை ஆங்கிலத்தில். செத்தவன், செத்ததைப் பார்த்தவள், ஜூரிகள், கூட்டம் எல்லோரும் பேசுவது வெல்ஷ். இதில் விந்தை எதையும் அந்த அறையில் யாரும் காணவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஹம்ஃப்ரிஸ் மொழிபெயர்க்க வந்திருந்தார். நல்ல மனிதர், சுத்தமான காலர், உதடு வாசிக்கத் தெரியாது.

பவல் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். அவர் ஆங்கிலம் அழகாகப் பேசுவார். உருளையை நிறுத்தச் சொன்னேன், அவன் அவசரக்காரன், விதி சுவரிலேயே தொங்குகிறது என்றார். தொங்கியது உண்மைதான். ஓடும்போது உருளையைத் தொடாதே என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பலகை. எனோக் வெல்ஷ் வேதாகமத்தை ஆதி முதல் அந்தம்வரை மூன்று முறை வாசித்தவன். அந்தப் பலகையில் அவனுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஒரு பொய்யைப் புனிதமாக்க ஒரு புத்தகத்தின் தோல் அட்டை போதும் என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் ஜெபக்கூடத்தில் பாடியதில்லை.

லெய்சாவைக் கூப்பிட்டார்கள். கறுப்பு உடையில், சவ ஊர்வலத்துக்குக் கடன் வாங்கிய தொப்பியோடு போனாள். விசாரணை அதிகாரிக்குப் பெரிய நரைமீசை, மேலுதடே தெரியாது. அவர் கேட்டதை அவளால் வாசிக்க முடியவில்லை. வாத்தியார் எங்கள் பெஞ்சுகளுக்கு முன்னால் வந்து அவளைப் பார்த்து நின்று கேட்டார்.

"அன்னிக்கி நீங்க என்ன பாத்தீங்க? பயப்படாமச் சொல்லுங்க."

அவள் எங்கள் பக்கம் முகத்தை நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினாள்.

எனோக் கம்பைப் பிடித்ததைச் சொன்னாள். பவல் உள்ளே வந்ததை, நிறுத்தாதே என்றதை, அவன் பற்களைக் காட்டியதை, வேறு ஆளைப் போடுகிறேன் என்று அவர் சொன்னதை. ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். அவ்வளவு தெளிவாக ஒருவர் சாட்சி சொல்லி நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. பெஞ்சிலிருந்த நாங்கள் நாற்பது பேரும் ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டோம்.

அறையில் சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவளுக்குக் குரல் வரவில்லை. முதலிலிருந்தே வரவில்லை. உதடு மட்டும், தறிக்கு முன்னால் நின்று பேசுவது போல, செதுக்கிச் செதுக்கிப் பேசிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாது.

வாத்தியார் தவித்தார். "அம்மா, பதில் சொல்லுங்க. என்ன பாத்தீங்க?"

இன்னொரு தடவை கேட்கிறார் என்று நினைத்து, அவள் முழுவதையும் மறுபடி சொன்னாள். இந்த முறை கையாலும் காட்டினாள். தோல்வாரின் கம்பு. கதவு. பவல் நின்ற இடம். கை நேராக அவரைச் சுட்டியது.

பவல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உதடு வாசிக்கத் தெரியும் என்று சொன்னேன். அந்த அறையில் அவளை முழுதாகக் கேட்ட நாற்பத்தொன்றாவது ஆள் அவர். ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஆட்களை எண்ணுகிறவர் போல, பெஞ்சு பெஞ்சாக.

"என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை ஐயா. ஜெபம் பண்ணுகிறாள் போலிருக்கிறது" என்றார் வாத்தியார்.

"பாவம். துக்கம். உட்காரச் சொல்லுங்கள்." அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. எழுத்தரிடம் திரும்பி, சாட்சியால் எதுவும் சொல்ல இயலவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பேனா கீறியது.

ஒரு ஆள் எழுந்து, "ஐயா, அவ சொல்லிட்டா, நாங்க பாத்தோம்" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு வாக்கியம். என் தொடைகள் எழ எத்தனித்தது எனக்கு நினைவிருக்கிறது. எழவில்லை என்பதும் நினைவிருக்கிறது. நாங்கள் இருந்த வீடுகள் பவலுடையவை. நின்ற தறிகள் பவலுடையவை. உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சும் அவர் மரத்தில் செய்து கொடுத்தது. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதனிடம் கூரை, கூலி, கடவுள் மூன்றையும் ஒப்படைத்துவிட்ட ஊரில் உண்மை என்ன ஆகும் என்பதற்குக் கணக்காகச் சொல்கிறேன்.

லெய்சா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. மூன்று நாள் சுமந்ததை இறக்கி வைத்த முகம்.

"ஒண்ணும் விடலல்ல?" என்று உதட்டால் கேட்டாள்.

"இல்ல" என்றேன். அதுவும் உண்மைதான்.

அரை மணியில் தீர்ப்பு வந்தது. வேண்டுமென்றே விதியை மீறியதால் நேர்ந்த மரணம். வாத்தியார் வெல்ஷில் சொல்லும்போது லெய்சா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாக வாசித்துவிட்டோமோ என்று கெய்ன்வென் முகத்தைப் பார்த்தாள். கெய்ன்வென் அவளைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. வீட்டில் அத்தனை பேசிவிட்டுச் சபையில் வாயைத் திறக்காதவளைப் பார்க்கும் பார்வை அது.

திங்கட்கிழமை தறிகள் ஓடத் தொடங்கியதும் லெய்சா என் பக்கம் திரும்பினாள்.

"கெய்ன்வென் எங்கிட்டப் பேச மாட்டேங்கறா. நான் சொன்னேனே கெத்தின். ரெண்டு தடவ சொன்னேனே."

இனி மறைக்க முடியவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளே, நாடா போய்வர, உதட்டால் சொன்னேன். "குரல் வரல லெய்சா. ஒரு சொல்லுகூட வரல."



"நீ பாத்த."

"பாத்தேன்."

"இவங்கல்லாம்?"

"எல்லாரும்."

"அப்புறம்?"

என் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டேன். ஒரு இழைக்கு எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவள் வாத்தியாரிடம் போய்த் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். பள்ளிப்பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்களாம். வாத்தியார் வெளிறிப்போனார். விசாரணை அதிகாரிக்கு நேர்மையாக ஒரு கடிதம் எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சாட்சிக்கு உரிய வாய்ப்புத் தரப்பட்டது, விசாரணை முடிந்துவிட்டது, தங்கள் பணிவுள்ள. அவ்வளவுதான். வாத்தியார் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். மூன்றாவது முறை படிக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.

மே மாதம் கெய்ன்வென் பிள்ளைகளோடு அப்பா பண்ணைக்குப் போனாள். வண்டியில் ஏறும் முன் லெய்சாவைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"உன்னச் சொல்லிக் குத்தமில்ல மதினி."

"யாரச் சொல்றது பின்ன?"

கெய்ன்வென் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். வண்டி கிளம்பியது. லெய்சா இரண்டு விதவைகள் இருந்த வீட்டில் ஓர் அறைக்கு மாறினாள்.

எனோக்கின் இடத்துக்கு எல்வின் என்று ஒரு பண்ணை ஆள் வந்தான். பலசாலி, சிரித்த முகம், மில் பேச்சு தெரியாதவன். லெய்சாவின் கண் தறியில் நிற்பது குறைந்தது. திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எல்வின் உருளைப் பக்கம் குனிந்தான். பவல் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். லெய்சா கையை உயர்த்தி ஆட்டி, "நிறுத்திட்டுச் செய்! நிறுத்து!" என்று உதட்டால் சொன்னாள். எல்வின் நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான் போலும். தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தான். பிறகு மறுபடி குனிந்தான்.

அவள் ஓடும் தறியை விட்டுவிட்டு ஓடினாள். எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம். போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கீழே விழுந்திருந்த கம்பளித் துணுக்கைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தான். இங்கே அவள் தறியில் நாடா சிக்கி, அரை முழம் பாவு அறுந்து தொங்கியது.

பவல் கத்தவில்லை. அறுந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். "உனக்கு ஓய்வு வேணும் லெய்சா" என்று உதட்டால் சொன்னார். மறுநாள் அவளை மில்லின் மாடிக்கு அனுப்பினார். பத்து வயதில் அவள் தொடங்கிய அதே வேலை, தார் சுற்றுவது. நாற்பத்தொரு வயதில்.

மாடியில் அவளுக்குக் கொடுத்த இடம் சுவரைப் பார்த்தது. கதவு முதுகுப்பக்கம். அங்கே உட்கார்ந்தால் யாருடைய வாயும் தெரியாது. அவளோடு பேச வேண்டுமென்றால் போய்த் தோளைத் தொட வேண்டும்.

பதினாறு வருடம் அவள் அங்கே இருந்தாள். காலையில் படியேறிப் போவாள், மாலையில் இறங்கி வருவாள். முதல் வருடம் நாங்கள் ஒவ்வொருவராக ஏறிப்போய்த் தோளைத் தொட்டோம். திரும்பிப் பார்ப்பாள், நாங்கள் சொல்வதை வாசிப்பாள், தலையாட்டுவாள், திரும்பிக்கொள்வாள். பதில் சொல்ல மாட்டாள். பிறகு போவதைக் குறைத்துக்கொண்டோம்.